அலுமினிய மரை

இந்தப் பையை மடியிலேயே வச்சுக்கறேன்மா. கீழ வச்சா பஸ்ஸு திரும்புற திருப்பத்துக்கு உருண்டு போயிரும். உன் துணியில படாம பாத்துக்கறேன், பயப்படாத. அழுக்கெல்லாம் இல்ல. காலையில மண்ணெண்ணெய் ஊத்தி, பழைய பல் பிரஷ்ஷால இண்டு இடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவித்தான் எடுத்துட்டு வர்றேன். வாசனை வருதா? வரும். புதுக்கோட்டை வரைக்கும் பொறுத்துக்க.

தேங்காயோன்னு பாக்கிறியா? கண்டக்டரும் அப்படித்தான் பாத்தான். “என்னங்கய்யா உள்ள?”ன்னான். “ஹெட்டுப்பா”ன்னேன். “யாரோட ஹெட்டு?”ங்கிறான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும். அவனவனுக்கு வந்தா தெரியும்.

ஸ்கூட்டரோட ஹெட்டும்மா. இஞ்சினுக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்கும். என் மகள் வண்டி. இந்தா, இந்த ஓட்டை தெரியுதா? விரலை விட்டுப் பாரு. வேணாம் வேணாம், கறுப்பு ஒட்டும், நானே சொல்றேன். இதுக்குள்ள சுத்திச் சுத்தி மரை இருக்கணும், தண்ணி பாட்டில் கழுத்துல இருக்குமே அந்த மாதிரி. அதுலதான் ஸ்பார்க் ப்ளக்கைத் திருகி வைக்கணும். இப்ப மரை இல்ல. மோதிரத்துக்குள்ள விரலை விட்ட மாதிரி வழவழன்னு இருக்கு. ப்ளக்கை வச்சா நிக்காது. ப்ளக் நிக்கலைன்னா வண்டி இல்ல. வண்டி இல்லைன்னா மகள் வீட்டுக்கு வர மாட்டா. அவ்வளவுதான் என் கதை. இதுக்குப் போயி ஒரு மாசமா அலையறேன்.

எப்படிப் போச்சா? அதைத்தான் எல்லாரும் கேக்கிறாங்க. இரும்புல செய்யணும்மா இதையெல்லாம். அலுமினியத்துல செஞ்சு வச்சா போகாம என்ன பண்ணும்?

நான் மெக்கானிக் இல்ல. என் பேரு வைரக்கண்ணு. மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல ஆய்வக உதவியாளர். முப்பத்தியோரு வருஷம். ரெண்டு வருஷம் ஆச்சு ரிட்டயர் ஆகி. நீ சயின்ஸ் குரூப்பா? அப்பன்னா உனக்குத் தெரியும், லேப்புன்னா எத்தனை சாமான் இருக்கும்னு. ஆசிட்டு, கண்ணாடிக் குழாய், லென்ஸு, எல்லாத்துக்கும் பூட்டு. சாவி என் இடுப்புல. ஒரு தடவை மேலிடத்துலேர்ந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தாரு. நுண்ணோக்கியைத் திறந்து காட்டினேன். “ஏங்க, வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு, மேல சுத்தின பாலித்தீனைக்கூடப் பிரிக்கலியே!”ன்னு ஆச்சரியப்பட்டுப் போயிட்டாரு. பின்னாடி நின்ன பசங்க சிரிச்சாங்க. பாராட்டுனா எதுக்குச் சிரிக்கணும்? இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அரசி என் ஒரே பொண்ணு. மங்கையர்க்கரசின்னு முழுப்பேரு. லேப் டெக்னீசியன் படிச்சா. என்னைப் பாத்துத்தான் படிச்சான்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன், அவ அப்படிச் சொன்னதில்ல. மேலப்புலம் சுகாதார நிலையத்துல வேலை. எங்க ஊருலேர்ந்து பதினெட்டு கிலோமீட்டர். காலையில ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு, ரெண்டும் வந்தாத்தான் வந்தது. அதனால அவ சம்பளத்துல அவளே வண்டி வாங்குனா. நீலக் கலரு. வண்டி வந்த அன்னைக்கு என்னைப் பின்னாடி உக்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டினா. “மெதுவாப் போம்மா”ன்னேன். “இதைவிட மெதுவாப் போனா விழுந்துருவோம்ப்பா”ன்னா. நல்லாத்தான் இருந்துச்சு எல்லாம்.

போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அஞ்சரைக்கு வர்றவ ஏழு ஆகியும் வரல. போன் அடிக்குது, எடுக்கல. நான் ரைஸ்மில் முக்குல போய் நின்னேன். தூரத்துல ஒரு லைட்டு வரும். அவதான்னு தோணும். கிட்ட வந்ததும் வேற யாரோ. அடுத்த லைட்டு. அதுவும் வேற யாரோ. அப்படி நின்னு பாத்திருக்கியாம்மா நீ? நிக்க மாட்டே. உன்னை நினைச்சு யாராவது நின்னிருப்பாங்க.

ஏழரைக்கு வந்தா. என்னைப் பாத்துட்டு நிறுத்துனா. “ஏம்ப்பா இங்க நிக்கிறீங்க?” “சும்மா, காத்து வாங்க.” “ஏறுங்க.” ஏறிட்டேன்.

எங்க போனேன்னு கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. எங்க வீட்டுல அப்படிப் பழக்கமில்லம்மா. அவகிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா என் வீட்டுக்காரி சௌந்தரத்துக்கிட்ட சொல்லுவேன், சௌந்தரம் அவகிட்ட சொல்லுவா. அன்னைக்கும் சொன்னேன். “உங்களுக்கு வாயில்லையா? நீங்களே கேளுங்க. அவளுக்கு இருபத்தியேழு வயசு, நான் போயி எங்க போன ஏது போனேன்னு நிக்க மாட்டேன்”னுட்டா.

அரசி கைகால் கழுவப் போயிருந்தா. நான் வண்டிக்குப் படுதா போடப் போனேன். படுதாவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த வாரம்தான் அடுத்த தெருவுல ஒரு பைக்கைத் திருடிட்டுப் போயிருந்தாங்க. அது ஞாபகம் வந்துச்சு. வண்டிக்கு ஒரு பக்கமா சின்ன மூடி இருக்கு, ஒரே ஒரு ஸ்க்ரூ. சீட்டுக்கு அடியில வண்டியோட குடுத்த ப்ளக் ஸ்பேனர், ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் மாதிரி. விட்டுத் திருகினேன். ஒரு பத்து பன்னெண்டு சுத்து. ப்ளக் கையில வந்துருச்சு. அப்பத்தான் ஓடி வந்த வண்டி, கொதிக்குது. கைக்குட்டையில சுத்தி சட்டைப் பையில போட்டேன். அது ஆறுற வரைக்கும் நெஞ்சுகிட்டக் கதகதன்னு இருந்துச்சு.

அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். அதை மறைக்க மாட்டேன்.

காலையில அவ எந்திரிக்கிறதுக்கு முந்தி மாட்டிட்டேன். ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு நாள். அப்புறம் அது ஒரு வேலையாப் போச்சு. அவ வந்து இறங்கினதும் அஞ்சு நிமிஷத்துல கழட்டிருவேன், ஏன்னா கொஞ்சம் விட்டா “கடைக்குப் போயிட்டு வர்றேன்”னு கிளம்பினாலும் கிளம்பிருவா. விடிஞ்சதும் மாட்டிருவேன். மாட்டும்போது நல்லா இறுக்கணும். பதினெட்டு கிலோமீட்டர் போற பொண்ணு, வழியில லூசாயிட்டா? அதனால ஸ்பேனரைத் திருப்புற கம்பியில ஒரு பைப்புத் துண்டைச் சொருகி, காலை ஊனிக்கிட்டு, என் பலம் பூராக் குடுத்து இறுக்குவேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு. அவ பத்திரமாப் போயிட்டு வரணும்ல.

சில நாள் ப்ளக்குல வெள்ளி மாதிரி மினுமினுன்னு தூள் ஒட்டியிருக்கும். ஈரத்துணியால துடைச்சிருவேன். முப்பத்தியோரு வருஷம் லேப்புல இருந்தவன்மா நான், தூசியைப் பாத்தா தூசின்னு தெரியாதா?

ஒரு நாளும் அவளுக்குத் தெரியாது. அவ நிம்மதியாத்தான் இருந்தா. நானும் நிம்மதியாத்தான் இருந்தேன். கார்த்திகை மாசத்துல ஒரு சாயங்காலம் மட்டும்தான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு.

மழை தூறுது. ஏழு மணி இருக்கும். டாக்டரம்மா அரசிக்குப் போன் பண்ணிட்டாங்க. புள்ளத்தாச்சி ஒருத்திக்கு ரத்தம் நிறைய போகுதாம், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்குள்ள ரத்த வகை பாக்கணும், உடனே வான்னு. இவ தலையில துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு ஓடி வர்றா. பட்டனை அமுக்குறா. வண்டி இழுக்குது, பிடிக்கல. கிக்கரை மிதிக்கிறா. மிதிக்கிறா, மிதிக்கிறா. பிடிக்குமா? ப்ளக் என் சட்டைப் பையில.

“அப்பா, கொஞ்சம் பாருங்களேன்.”

போய்க் குந்தி உக்காந்தேன். அவ செல்போன் லைட்டை அடிச்சுக்கிட்டு என் தலைக்கு மேல நிக்கிறா. தனியா விட்டிருந்தா ரெண்டே நிமிஷம்மா. ரெண்டே நிமிஷத்துல மாட்டியிருப்பேன். “நீ உள்ள போம்மா, நனையாத, நான் பாக்கிறேன்”னேன். “இல்லப்பா, அவசரம், நீங்க பாருங்க, நான் லைட்டுப் பிடிக்கிறேன்”ங்கிறா. போக மாட்டேங்கிறா. நான் அந்த மூடியத் தொடறேன், ஒயரைத் தொடறேன், என்னென்னமோ தொடறேன். இந்தாம்மா, ப்ளக் இங்க இருக்குன்னு எடுத்து நீட்டிரலாம்னு கை பைக்குப் போகுது. போயிட்டுத் திரும்பி வந்துருது. அப்படி ஒரு நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

“சரி விடுங்கப்பா”ன்னு அவ போன் பண்ணா. பத்து நிமிஷத்துல ஒரு பையன் பைக்குல வந்தான். சுகாதார நிலையத்துல மருந்து குடுக்கிறவனாம். இனியன்னு பேரு. ஹெல்மெட்டைக் கழட்டி எனக்கு வணக்கம் சொன்னான். மரியாதையான பையன்தான். “எந்த ஊரு தம்பி?”ன்னேன். “கறம்பக்குடிங்கய்யா.” “அப்பா பேரு?” “அறிவழகன்.” பையன் பேருலயும் ஒண்ணும் தெரியல, அப்பன் பேருலயும் ஒண்ணும் தெரியல. அதுக்குள்ள அரசி, “அப்பா, இப்ப போயி இதெல்லாமா!”ன்னுட்டு அவன் பின்னாடி ஏறி உக்காந்துட்டா. மழைக்கு அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டா. பிடிக்காட்டி விழுந்துருவாளே, பிடிச்சுத்தான் ஆகணும்.

அந்தப் புள்ளத்தாச்சி பொழைச்சுக்கிட்டா. ஆம்பளப் புள்ள. அதைக் கேட்டதுக்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

அதோட நிறுத்தியிருக்கலாம், இல்லியா? நீ நினைக்கிறது எனக்குத் தெரியுது. மறுநாள் நான் கழட்டல. சத்தியமாச் சொல்றேன், மறுநாள் தொடல. ஆனா பாரு, முந்தி எதுக்குப் பயப்படறோம்னு தெரியாமப் பயந்துக்கிட்டிருந்தேன். இப்ப அதுக்கு ஒரு பேரும் ஊரும் தெரிஞ்சுபோச்சு. மூணாம் நாள் மறுபடி ஸ்பேனரை எடுத்துட்டேன்.

பொங்கல் கழிஞ்சு ஒரு காலையில ப்ளக்கைத் திருகுறேன், அது பாட்டுக்குச் சுத்துது. பிடிக்கல. இறுக்குறேன், இறுகவே இல்ல. அவ எந்திரிச்சு பல் தேய்க்கிற சத்தம் கேக்குது. வீட்டுல குழாய் கசிஞ்சா மரையில சுத்துவாங்களே வெள்ளை டேப்பு, அது ஒரு ரோலு இருந்துச்சு. ப்ளக்குல நாலு சுத்து சுத்தி அமுக்கித் திருகினேன். கெட்டியா நின்னுச்சு. வண்டியும் கிளம்பிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அதுலேர்ந்து தினம் புது டேப்பு. மூணு வாரம் ஒரு பிரச்சினையும் இல்ல. அப்ப நான் செஞ்சது சரியாத்தானே இருந்திருக்கு?

மாசி பொறந்து ஒரு வாரம். அவ வேலைக்குப் போய்க்கிட்டிருக்கா. மேலப்புலத்துக்கு முன்னாடி ஒரு இடம் வரும், ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு, நாலு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. ஆடி மாசத்துலேர்ந்து நான் ராவும் பகலும் நினைச்சுப் பயந்த இடம். சரியா அந்த இடத்துல, டமார்னு வெடி வெடிச்ச மாதிரி சத்தமாம். ப்ளக்கு மரையை விட்டுப் பிச்சுக்கிட்டுத் தெறிச்சிருச்சு. காலுல பட்டிருந்தா என்ன ஆகுறது? முருகன் காப்பாத்தினான். வண்டி அங்கேயே நின்னு போச்சு.

மாசி வெயில்ல தனியா அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்திருக்கா. வந்த வழியே திரும்பி, பஸ் போற மெயின் ரோட்டுல இருக்கிற அந்தோணி மெக்கானிக் கடை வரைக்கும் ஆறு கிலோமீட்டர். அங்க வந்துதான் சிக்னல் கிடைச்சு எனக்குப் போன் பண்ணா. “அப்பா, வண்டி ரிப்பேர். வர முடியுமா?” நான் பஸ்ஸைப் பிடிச்சு ஓடினேன். முகமெல்லாம் செவந்து போயி, பெஞ்சுல உக்காந்திருந்தா. சோடாவைக் கையில வச்சிருக்கா, குடிக்கல.

அந்தோணி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஒரு கம்பியால அந்த டேப்பை உருவி எடுத்தான். கருகிப் போயிருந்துச்சு. தூக்கிக் காட்டுறான்.

“யாரு பாப்பா இதைச் சுத்துனது? வண்டியில என்ன தண்ணியா வருது?”

“எனக்குத் தெரியாதுண்ணே. நான் அதைத் தொட்டதே இல்ல.”

“ஒரு நாள்ல போற மரை இல்ல இது. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, தினமும் யாரோ பண்ணியிருக்காங்க. அதுவும் சூட்டோட கழட்டியிருக்காங்க. சூட்டுல அலுமினியம் இளகிக் கிடக்கும், இரும்பு ப்ளக்கு அதைச் சுரண்டி இழுத்துக்கிட்டே வரும். வெள்ளி வெள்ளியாத் தூள் வந்திருக்கணுமே, யாரும் பாக்கலியா?” அப்புறம் என்கிட்டத் திரும்பி, “எங்க சார் சர்வீஸுக்கு விட்டீங்க? எவனோ வண்டியக் கொன்னு வச்சிருக்கான்”னான்.

“வித்த இடத்துலதான் ஏதாவது பண்ணியிருப்பாங்க”ன்னேன். வேற என்ன சொல்ல முடியும், அத்தனை பேர் முன்னாடி?

அரசி என் முகத்தைப் பாக்கலம்மா. என் சட்டைப் பையைப் பாத்தா. என் சட்டை எல்லாத்துலயும் இந்த இடத்துல, இந்தா, காபிக் கலர்ல ஒரு வட்டம் இருக்கு பாரு. எந்த சோப்புக்கும் போகாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் துணியையும் சேத்து அவதான் துவைப்பா. “என்னப்பா இது, எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்துல?”ன்னு ஒரு தடவை கேட்டிருக்கா. பேனா மைன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்கு அந்தக் கடையில அந்தக் கறையையே ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சோடாவை எடுத்து ஒரே மூச்சுல குடிச்சா.

திட்டியிருந்தா தேவல. கத்தியிருந்தா, நானும் பதிலுக்குக் கத்தி, அன்னைக்கோட முடிஞ்சிருக்கும். பஸ்ஸுல என் பக்கத்துலதான் உக்காந்து வந்தா, இப்ப நீ உக்காந்திருக்க மாதிரி, ஜன்னலைப் பாத்துக்கிட்டு. வீட்டுக்கு வந்து மூணு செட்டுத் துணியை எடுத்து வச்சா. “நர்ஸ் அக்கா குவார்ட்டர்ஸ்ல தங்கிக்கறேம்மா. வண்டி சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்”னு சௌந்தரத்துக்கிட்டத்தான் சொன்னா. என்கிட்ட “வர்றேன்ப்பா”ன்னா. அவ்வளவுதான்.

நீ டிக்கெட் எடுத்துட்டியா? செக்கிங்கு ஏறுறாரு. எடுத்துட்டியா, சரி.

சௌந்தரம் என்கூடப் பேசி ஒரு மாசம் ஆச்சு. சோத்தை வச்சுட்டுப் போயிருவா. ஒரே ஒரு நாள் பேசினா. நான் ஹெட்டைக் கழட்டி வாங்கிட்டு வந்து முத்தத்துல வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். “மரை கழண்டது அதுக்கு இல்ல, உங்களுக்கு. உங்களை எந்த லேத்துல குடுக்கிறது?”ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பேசிட்டாளேன்னு சந்தோஷத்துல சிரிச்சேன். அதுக்கும் கோவிச்சுக்கிட்டா.

நான் நினைக்கிறது என்னன்னா, வண்டி சரியானா அவ வந்துருவா. அவ வாயாலயே சொல்லியிருக்கா, வண்டி சரியாகட்டும்னு. வேற எதையும் அவ சொல்லல. அதனாலதான் அலையறேன். அந்தோணி முதல்ல புது ஹெட்டே போட்டுருவோம்னான், ஆள் விட்டுக் கேட்டா இப்ப வராது, எப்ப வரும்னு தெரியாதுங்கிறாங்க. அப்புறம் அவனே யோசனை சொன்னான். புதுக்கோட்டையில ஒரு லேத்துக்காரர் இருக்காரு, கை சுத்தம், இந்த ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக் குடைஞ்சு, அதுல புது மரை வெட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் மரை உள்ள இரும்பு புஷ்ஷு ஒண்ணைத் திருகி அடைச்சிருவாரு, ப்ளக்கு அந்தப் புஷ்ஷுக்குள்ள உக்காந்துக்கும்னான். வண்டியில வச்சே குடைஞ்சா அலுமினியத் தூள் இஞ்சினுக்குள்ள விழுந்துரும், அதான் ஹெட்டையே கழட்டிக் குடுத்தான். நூல் பிசகாம நேரா குடையணுமாம். கோணையாப் போச்சுன்னா ஹெட்டு குப்பைக்குத்தான்.

“நல்லாப் பண்ணிட்டாருன்னா அப்புறம் இந்த மரை வண்டி ஆயுசுக்கும் போகாது சார். இரும்போட இரும்பு”ன்னான்.

“தினம் கழட்டினாலுமா?”ன்னு கேட்டேன். சும்மாத்தான் கேட்டேன்.

“தினம் கழட்டினாலும்”னான். சொல்லிட்டு என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். கையைத் துணியில துடைச்சுக்கிட்டே உள்ள போயிட்டான்.

என்னம்மா கேட்ட? சத்தமாக் கேளு, இஞ்சின் சத்தத்துல காதுல விழல.

அவகிட்டயே கேட்டிருக்கலாமேங்கிறியா?

ம்.

நீ இவ்வளவு நேரம் பேசாம வந்துட்டு, கேட்டதுதான் கேட்ட, நல்லாக் கேட்டுட்ட. சொல்றேன். கேட்டா சொல்லிருவாம்மா. அதான். சின்னதுலேர்ந்து அவளுக்குப் பொய் சொல்ல வராது. அஞ்சாப்பு படிக்கையில என் மூக்குக்கண்ணாடியை உடைச்சுட்டு, நான் கேக்கிறதுக்கு முந்தி வந்து நின்னு, “நான்தான்ப்பா”ன்னவ. எங்கம்மா போனே, அந்தப் பையன் யாரும்மான்னு கேட்டேன்னு வையி, என் கண்ணைப் பாத்து இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிருவா. சொல்லிட்டா அப்புறம் நான் என்ன பண்றது? ஒண்ணு சரின்னு சொல்லணும், இல்ல வேணாம்னு சொல்லணும். ரெண்டும் எனக்கு வராது. கேக்காம இருந்தா, ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம் பாரு. ஆடி மாசத்துலேர்ந்து நான் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்.

இரு. போன் அடிக்குது. எடுத்துக் குடேன், பையைப் பிடிச்சிருக்கேன், கை வரல.

அரசியா? அரசிதான்! ஒரு மாசத்துல அவளாப் பண்றது இதுதான் முதல் தடவை. எதை அமுக்கணும், பச்சையா?

ஹலோ... ஆமாம்மா, பஸ்ஸுல... புதுக்கோட்டைக்கு... இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு... நீ சாப்பிட்டியா?... ம்... ம்... எதை?... ம்... சரிம்மா... இல்லம்மா, எனக்குக் கோவமெல்லாம் இல்ல... சரி... குடுத்துர்றேன்... குடுத்துர்றேன்மா... உடம்பைப் பாத்துக்க.

வச்சுட்டா.

வர்றாளாம். ஞாயித்துக்கிழமை வர்றாளாம்! அழுவுறேனா? இல்லம்மா, ஜன்னல் காத்து. நீ கொஞ்சம் அந்தக் கண்ணாடியை இழுத்து விடு.

ஒண்ணே ஒண்ணு கேட்டாம்மா. “அப்பா, வண்டியோட குடுத்த ப்ளக் ஸ்பேனர் உங்ககிட்டத்தானே இருக்கு? அதை அந்தோணி அண்ணன்கிட்டக் குடுத்துருங்க. நான் வாங்கிக்கறேன். இனிமே அது என்கிட்ட இருக்கட்டும். அது என் கைக்கு வந்துட்டா நான் ஞாயித்துக்கிழமையே வீட்டுக்கு வந்துர்றேன்”ங்கிறா. கோவமாச் சொல்லல. கெஞ்சுற மாதிரி இருந்துச்சு குரலு. அப்பா, அதை மட்டும் குடுத்துருங்கப்பான்னு. என் பொண்ணு என்கிட்ட எதையும் கெஞ்சிக் கேட்டதே இல்லம்மா. காலேஜுக்கு அனுப்புறதுக்கு நான் யோசிச்சப்பகூடக் கெஞ்சல.

குடுக்காம இருப்பேனா? நான் என்ன கல்லா? சாயங்காலம் ஹெட்டைக் கொண்டு போயி அந்தோணிகிட்டக் குடுக்கும்போதே ஸ்பேனரையும் அவன் கையில குடுத்துருவேன். சொன்னா சொன்னதுதான். அவ கேட்டதை அவளுக்குக் குடுத்துருவேன்.

மச்சுவாடி வந்துருச்சா? அப்ப பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

ஏம்மா, நீ புதுக்கோட்டைதானே? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வண்டி சாமான் விக்கிற கடை எது நல்ல கடை? இல்ல, ஸ்பேனர் மட்டும் தனியாக் குடுப்பாங்களான்னுதான்... அளவு எனக்கு மனப்பாடம். அவ கேட்டது வண்டியோட வந்த ஸ்பேனரைத்தானே? அது போயிரும் அவகிட்ட. வீட்டுல ஒண்ணு இருக்கணும்ல, ஆத்திர அவசரத்துக்கு. நான் எடுக்க மாட்டேன். சத்தியமா எடுக்க மாட்டேன். அலமாரியில வச்சுப் பூட்டிருவேன், சாவியை வேணும்னா சௌந்தரத்துக்கிட்டக் குடுத்துர்றேன். நல்ல நாளு கெட்ட நாளு வந்து, அவ ஏழு மணி வரைக்கும் வரலைன்னா, உள்ள ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. மரைக்கும் ஒண்ணும் ஆகாது. இரும்போட இரும்புன்னு அந்தோணியே சொல்லிட்டான்.

ஏம்மா அப்படிப் பாக்கிற? கடை எங்க இருக்குன்னுதானே கேட்டேன்.